மலாணாவில் கையைக் கட்டிக்கொண்டு நடந்த ஒரு நாள்

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எந்தத் தெருவில் நடந்தாலும் பக்கத்துச் சுவரை விரலால் தடவிக்கொண்டே வருவாள். பள்ளிக்கூடச் சுவர், பக்கத்து வீட்டு கேட், கோயில் மதில், எதையும் விடமாட்டாள். 2022 அக்டோபரில் காலாண்டு விடுமுறைக்கு இமாசலப் பிரதேசம் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அந்தப் பயணத்தில் மலாணா என்ற மலைக் கிராமத்துக்கும் போவது என்று முடிவானதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்த விரல்கள்தான். மலாணாவில் வெளியாட்கள் எதையும் தொடக் கூடாது. வீட்டுச் சுவரை, கோயில் கல்லை, மரத் தூணை, அந்த ஊர் மனிதர்களை, எதையுமே.

குல்லு மாவட்டத்தில், பார்வதி ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒரு சிறிய பள்ளத்தாக்கில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மலாணா. ஊரின் தெய்வம் ஜம்லு ரிஷி. நம் புராணத்து ஜமதக்னி முனிவர்தான் அவர் என்று சொல்கிறார்கள். ஊர் ஜம்லுவுக்குச் சொந்தம், மக்கள் அவருடைய குடிகள், வெளியிலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் தீட்டு. மற்ற விதிகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

இந்த ஊருக்குப் போவதா வேண்டாமா என்று நான் பல நாள் யோசித்தேன். காரணம் என் அப்பா. மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது டீக்கடையில் அவருக்குச் சிரட்டையில்தான் டீ. பிறகு தனி டம்ளர் வந்தது. குடித்து முடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். காசைத் திண்ணையில் வைக்க வேண்டும், கையில் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நான், ரயிலும் பஸ்ஸும் பிடித்து, காசு செலவழித்து, "தொடாதே" என்று சொல்லும் ஓர் ஊருக்கு என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

அப்பாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போயிட்டு வா தாயி, வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லு" என்றார். அதனால்தான் போனேன்.

டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவு பஸ்ஸில் ஏறினால் காலையில் புந்தரில் இறங்கலாம். அங்கிருந்து மணிகரண் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் ஜரி. மலாணாவுக்குப் பக்கத்துச் சிற்றூர் அதுதான். பக்கத்துச் சுற்றுலா ஊரான கசோலில் தங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், ஆனால் குழந்தையோடு போகிறவர்களுக்கு ஜரிதான் வசதி என்பேன். கூட்டம் இல்லை, அறை வாடகையும் குறைவு. ஜரியிலிருந்து டாக்சி பிடித்தால், நீர்மின் திட்டத்துக்காகப் போட்ட சாலையில் பள்ளத்தாக்கின் உள்ளே வரை போகலாம். 86 மெகாவாட் திறன் கொண்ட அந்த மின்நிலையம் 2001இல் ஓடத் தொடங்கியது. அந்தச் சாலை வருவதற்கு முன்னால் மலாணாவுக்கு ஜரியிலிருந்து ஆற்றோரமாக ஏற வேண்டும், இல்லையென்றால் நக்கர் பக்கமிருந்து சந்திரகாணி கணவாயைத் தாண்டி நடந்து வர வேண்டும்.

நாங்கள் ஜரியிலேயே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பையன். டெல்லியில் சில வருடம் வேலை பார்த்ததால் என் கணவருக்கு இந்தி சரளம், எனக்கு அரைகுறை. வழிகாட்டி இல்லாமலும் மலாணா போகலாம், பாதை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம், எந்தத் திண்ணை யாருடையது என்று பாதை சொல்லாது. அன்று அவருக்குக் கொடுத்த கூலிதான் நாங்கள் செய்த செலவிலேயே உருப்படியானது.

டாக்சியில் போகும்போதே அவர் விதிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்குள் போனதும் கல் பாவிய பாதையை விட்டு இறங்கக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. கோயில் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. கடையில் பொருள் வாங்கினால் காசைக் கீழே வைக்க வேண்டும், பொருளையும் அவர்கள் கீழேதான் வைப்பார்கள். குழந்தைகள் அழகாக இருக்கிறார்கள் என்று கன்னத்தைக் கிள்ளப் போகக் கூடாது. தோல் பொருள் எதுவும் கோயில் பக்கம் கொண்டுபோகக் கூடாது. என் கணவர் தோல் பெல்ட்டைக் கழற்றி டாக்சியிலேயே வைத்தார், பர்ஸிலிருந்து பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். குல்லுப் பக்கம் சணல் போன்ற நாரில் பின்னிய 'பூலா' என்ற செருப்பு விற்பதைப் பார்த்திருக்கிறேன், அழகுக்காகச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தோல் ஆகாத இடங்களிலும் பனித் தரையிலும் காலுக்குப் போட அதுதான் தோது என்று அன்றுதான் தெரிந்தது.

"நீங்க பக்கத்து ஊர்தானே, உங்களுக்குமா இந்த விதி?" என்று கேட்டேன்.

"எனக்கும்தான் தீதி (அக்கா). எங்க தாத்தாவும் இங்க வந்தா பாதையிலதான் நின்னாரு. பெரிய அதிகாரி வந்தாலும் அப்படித்தான்."

மலை ஏறி முடிக்கும் வரை அந்தப் பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்சி நிற்கும் இடத்தில் ஒரு நுழைவாயில் இருக்கிறது. அங்கிருந்து பாதை முதலில் ஓடைக்கு இறங்குகிறது, பாலத்தைத் தாண்டியதும் நேரே மேலே ஏறுகிறது. தேவதாரு, பைன் மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து படிகள். வேகமாக ஏறுகிறவர்களுக்கு ஒரு மணி நேரம், எங்களுக்கு ஒன்றே முக்கால். உயரம் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, மூச்சு மட்டும் வாங்கும். எங்களைத் தாண்டி மலாணாப் பெண்கள் முதுகில் மூட்டையோடு, பேசிக்கொண்டே ஏறிப் போனார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் வழிகாட்டி எங்களை ஓரமாக ஒதுங்கச் சொன்னார். பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதையும் முதலில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

அவள் அன்று இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊர் திடீரென்று வருகிறது. மரத்தையும் கல்லையும் மாறி மாறி அடுக்கிக் கட்டும் 'காட்குணி' முறை வீடுகள், பலகை வேய்ந்த பலகணிகள், நடுநடுவே பளபளக்கும் புதுத் தகரக் கூரைகள். தகரம் ஏன் என்று கேட்டால் தீயைப் பற்றிச் சொல்கிறார்கள். 2008 ஜனவரியில் வந்த பெருந்தீ ஊரின் பெரும் பகுதியையும் பழைய கோயில் கட்டடங்களையும் எரித்துவிட்டது. மறுபடியும் 2021 அக்டோபரில் பதினைந்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. நெருக்கமான மர வீடுகள், குளிர்காலத்துக்காக அடுக்கி வைத்த காய்ந்த புல்லும் விறகும், தீயணைப்பு வண்டி ஏற முடியாத மலை. நாங்கள் போனபோது அந்த இரண்டாவது தீ நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் கருகிய மரக்கட்டைகள் கிடந்தன, அதன் பக்கத்தில் ஆள்கள் புதிதாகத் தூண் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று படம் எடுத்த இரண்டு பேரை என் கணவர் தடுத்தார். சரியான காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். வீடு இழந்தவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஊர் நடுவில் கல் பாவிய ஒரு திறந்தவெளி. 'ஹார்சா' என்று அதைச் சொல்கிறார்கள், ஊர்ச் சபை கூடும் இடம். அதன் பக்கத்தில் ஜம்லுவுக்கான மரக் கட்டடங்கள், மான் கொம்புகள் மாட்டிய முகப்பு, எச்சரிக்கைப் பலகை. தொட்டால் அபராதம் 3,500 ரூபாய் என்று நான் பார்த்த பலகையில் இருந்தது. கட்டடத்தில் இருந்த செதுக்கு வேலையைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்க முடிந்தது. மரத்தைப் பார்த்தால் தொடத் தோன்றும் ஆள் நான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மலாணாவின் ஊர்ச் சபையைப் பற்றி வழிகாட்டி நிறையச் சொன்னார். மேல்சபைக்கு ஜேஷ்டாங் என்று பெயர், பதினொரு பேர். அதில் மூன்று பேர் நிரந்தரம்: தெய்வத்தின் சொத்தைக் கவனிக்கும் கர்மிஷ்ட், பூசாரி, ஜம்லுவின் வாக்கைச் சொல்லும் குர். மற்ற எட்டுப் பேரை ஊர் தேர்ந்தெடுக்கிறது. கீழ்சபையான கனிஷ்டாங்கில் வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு. வழக்கு தீராவிட்டால் கடைசியில் ஜம்லுவிடம் போகும். நம்மூரில் சாமியாடியின் வாக்குக்கு ஊர் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு குர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. அரசாங்கப் பஞ்சாயத்தும் இருக்கிறது, ஓட்டும் போடுகிறார்கள். ஆனால் ஊர் அஞ்சுவது ஜம்லுவின் சொல்லுக்குத்தான். 2017இல் ஊருக்குள் வெளியாட்களைத் தங்கவைக்கக் கூடாது என்று ஜம்லுவின் வாக்கு வந்தது. நல்ல வருமானம் தந்துகொண்டிருந்த விடுதிகளை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து பகலில் போய் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஊர் எல்லைக்கு வெளியே தங்க வேண்டும்.

குல்லுவில் அந்த வாரம்தான் தசரா நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் தெய்வங்கள் பல்லக்கில் வந்து ரகுநாதரைப் பார்க்கும். ஜம்லு மட்டும் அந்த மைதானத்துக்குள் வருவதில்லை, பியாஸ் ஆற்றின் மறுகரையிலேயே இருந்துவிடுவார் என்பது வழக்கம். ஊரைப் போலத்தான் தெய்வமும் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அலெக்சாண்டரின் படைவீரர்கள் வழியில் வந்தவர்கள் மலாணாக்காரர்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். இதை நம்பிப் போகிறவர்கள் அங்கே செய்யும் காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே குனிந்து கண்ணின் நிறத்தைப் பார்க்கிறார்கள், மூக்கைப் பார்க்கிறார்கள், "நீங்க கிரேக்கர்களா" என்று கேட்கிறார்கள். அந்தக் கதைக்குச் சான்று எதுவும் கிடையாது. அவர்களுடைய பேச்சு வேறொரு வரலாற்றைச் சொல்கிறது. கனாஷி என்ற அந்த மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது, கின்னௌர் பக்கத்து மொழிகளுக்கு நெருங்கியது. சுற்றியுள்ள குல்லு ஊர்கள் எல்லாம் இந்தியோடு உறவுள்ள பேச்சைப் பேச, இந்த ஒரு கிராமம் மட்டும் தனியாக இதை வைத்துக்கொண்டிருக்கிறது. அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ இதைச் சேர்த்திருக்கிறது. திண்ணையில் இரண்டு கிழவிகள் பேசிக்கொண்டிருந்ததைப் பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, ஆனால் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. அன்று பார்த்ததை எல்லாம்விட அதுதான் எனக்கு இன்றும் நெருக்கமாக நிற்கிறது.

அப்புறம் கடை. மகளுக்குப் பிஸ்கட் வேண்டியிருந்தது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார், பாக்கெட்டை எடுத்து வாசல் கல்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நான் எடுத்துக்கொண்டு, ஐம்பது ரூபாய்த் தாளை அதே கல்மேல் வைத்தேன். குனியும்போது என் அப்பாவின் பத்து வயது முகம் எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தே இராத முகம். உடம்பெல்லாம் சூடேறியது. கடைக்காரர் தாளை எடுத்துக்கொண்டு மீதி முப்பது ரூபாயை எண்ணி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு சின்னக் கல்லையும் தூக்கி வைத்தார். "பாத்து எடுங்க" என்பதுபோல் கையைக் காட்டினார். முகத்தில் வெறுப்போ ஏளனமோ இல்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி சாதாரணமாகச் செய்தார்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே குறுகலான சந்து. எதிரே ஒரு பெண் ஆளுயரப் புல்கட்டை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். குளிர்காலத்துக்கு மாட்டுத் தீவனம் சேர்க்கும் மாதம் அது. அவர்மேல் பட்டுவிடக் கூடாது என்று என் மகள் சட்டென்று ஒதுங்கினாள். கால் சறுக்கியது, கையை பையிலிருந்து எடுத்துச் சுவரில் ஊன்றிவிட்டாள்.

மேலே பலகணியிலிருந்து ஒரு குரல். பிறகு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். சத்தம் போடவில்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. வழிகாட்டி பேசினார், குழந்தை, வழுக்கிவிட்டது என்றார். வயதான ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார். என் கணவருக்குக் கோபம். "விழப்போன குழந்தை சுவரைப் பிடிச்சதுக்கு அபராதமா?" என்று தமிழில் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் விதி தெரிந்துதான் ஏறி வந்தோம். கொடுத்துவிடுவோம் என்றேன். ஏழு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கல்மேல் வைத்தோம்.

பேரம் பேசலாமா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். வழிகாட்டி நிலைமையை எடுத்துச் சொல்லட்டும், அது சரி. நாம் குரலை உயர்த்தக் கூடாது. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கவே கூடாது. எங்களுக்கு முன்னால் போன ஒரு கூட்டம் அப்படிச் செய்து, விவகாரம் பெரிதாகி, ஊர்க்காரர்கள் மொத்தமாகக் கூடிவிட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார்.

மகள் அழவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்தக் காசை என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். கணவர் வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னார்: தீட்டுக் கழிக்க ஜம்லுவுக்கு ஆட்டுக்குட்டி பலி கொடுப்பார்கள், அதற்கான பணம். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். "நான் தொட்டதுக்கு ஆடு சாகணுமாம்மா? என் கையில என்ன இருக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போயிருக்கவில்லை. அதுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தவறு. என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. பாதையோரப் பாறையில் உட்கார வைத்து, தாத்தாவின் சிரட்டைக் கதையை முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன். உன் கையில் எதுவும் இல்லை, யாருடைய கையிலும் எதுவும் இல்லை, தீட்டு என்பது மனிதர்கள் உண்டாக்கியது என்று சொன்னேன். அப்படியென்றால் நாம் ஏன் காசு கொடுத்தோம் என்று கேட்டாள். அது அவர்கள் வீடு, நாம் கேட்காமல் போன விருந்தாளிகள், அதனால் என்றேன். தாத்தா விருந்தாளியாகவா டீக்கடைக்குப் போனார் என்று கேட்டாள். இல்லை, அது அவருடைய சொந்த ஊர் என்றேன்.

சொல்லும்போதுதான் எனக்கே அந்த வித்தியாசம் தெளிவானது. மலாணாவில் என்னைத் தொடாதே என்றவர் கையில் என் கூலி இல்லை, என் கிணறு இல்லை, என் பிள்ளையின் பள்ளிக்கூடம் இல்லை. சாயந்திரம் நான் இறங்கிப் போய்விடலாம். அந்த விதி பணக்காரருக்கும் எனக்கும் வெள்ளைக்காரருக்கும் ஒன்றுதான். என் அப்பாவுக்கு இறங்கிப் போக வேறு ஊர் இருக்கவில்லை. இதைச் சொல்வதால் மலாணாவின் வழக்கம் அழகானது, காக்கப்பட வேண்டியது என்று நான் சொல்ல மாட்டேன். இமாசலத்தின் வேறு பல ஊர்களில் தெய்வத்தின் பெயராலேயே தலித் மக்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தும் செய்திகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. தீட்டு என்ற எண்ணம் எங்கே முளைத்தாலும் எனக்குப் பயம்தான். விருந்தாளியாகப் போன இடத்தில் விதியை மதிப்பேன். அதை 'பண்பாட்டு அதிசயம்' என்று கொண்டாட என்னால் முடியாது.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அந்தப் புல்கட்டுப் பெண் திரும்பி வந்தார். மடியிலிருந்து ஒரு கை வால்நட்டை எடுத்துப் பாறை ஓரத்தில் வைத்துவிட்டு, வழிகாட்டியிடம் இந்தியில், குழந்தை பயந்துவிட்டாளா என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள், காசு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நடந்துவிட்டார். அக்டோபர் வால்நட், ஓடு இன்னும் பச்சை வாசனையோடு இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்ல இன்னும் சில உண்டு. சில்லறையாக நிறையப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். காசு மாறி மாறிக் கல்மேல் போய் வருவதைக் குறைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. ஏடிஎம் தேவைகளை எல்லாம் கீழேயே முடித்துவிடுங்கள், கழிப்பறையும் அப்படித்தான், முக்கியமாகப் பெண்கள். குடிதண்ணீரையும் கீழேயிருந்தே கொண்டுபோங்கள், ஊருக்குள் எந்தக் குழாயைத் தொடலாம் என்ற குழப்பம் வேண்டாம். பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் மாட்டுங்கள். சந்தில் திரும்பும்போது பை சுவரில் உரசும், நமக்குத் தெரியவே தெரியாது. கைத்தடி கொண்டுபோனால் ஊர் எல்லையில் மடக்கிவிடுங்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், கோயிலை வீடியோ எடுக்காதீர்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, வழியில் உள்ள தாபாக்களில் ராஜ்மா சாதம் கிடைக்கும். ஜரியில் 'சித்து' கிடைத்தால் விடாதீர்கள். கோதுமை மாவில் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து நெய் ஊற்றித் தருவார்கள், நம் கொழுக்கட்டைக்கு அண்ணன் மாதிரி இருக்கும்.

சரஸ் என்ற கஞ்சாப் பிசின் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலாணாவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அந்தப் போதைப்பொருளால்தான். பாதையில் என் கணவரிடமே ஒருவர் மெதுவாகக் கேட்டார். 1985இன் போதைப்பொருள் சட்டப்படி 100 கிராம் வரை வைத்திருந்தாலே ஒரு வருடம் வரை சிறை, ஒரு கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது பத்து வருடம். கீழே சாலையில் போலீஸ் சோதனை உண்டு. சட்டத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. வாலிபப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அதற்காகவே ஏறி வந்து, போதையில் யார் சுவரில் சாய்கிறோம் என்று தெரியாமல் சாய்ந்து, குப்பையைப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். விடுதிகளை மூடச் சொன்னதில் எனக்கு வியப்பே இல்லை.

மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள். 2024 ஜூலை 31 இரவு கொட்டிய மழையில் மலாணா ஓடையின் அணை உடைந்து, நாங்கள் டாக்சியில் போன சாலையை வெள்ளம் பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் துண்டிக்கப்பட்டு, சாமான்களை மறுபடி முதுகில் சுமக்கும் காலம் வந்தது. இப்போது போக நினைப்பவர்கள் ஜரியில் விசாரித்துச் சாலை நிலவரம் தெரிந்துகொண்டே கிளம்புங்கள். மே, ஜூனும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும் நல்லது.

மலாணாவிலிருந்து இறங்கிய அன்று இரவு ஜரியில் விடுதி வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, புல்கட்டு, ஆட்டுக்குட்டி, பேத்தி கேட்ட கேள்வி. ஊம் கொட்டிக்கொண்டே கேட்டார். கடையில் காசைக் கீழே வைத்ததைச் சொன்னபோதுதான் இடைமறித்தார்.

"மீதிச் சில்லறைய எப்படிக் குடுத்தாங்க?"

எண்ணிக் கல்மேல் வைத்ததையும், பறக்காமல் இருக்க இன்னொரு கல்லைத் தூக்கி வைத்ததையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "அப்பா, அப்பா" என்றேன்.

"இருக்கேன் தாயி. நமக்கெல்லாம் தூக்கித்தான் போடுவான். மண்ணுல தேடிப் பொறுக்கணும்" என்றார்.